கூண்டுச் சால்மனுக்கு உணரி பொருத்தி நலம் அறியும் முறை

நார்வேயின் கடலோரப் பண்ணைகளில் இன்று பரவலாகக் காணப்படும் பெரிய வட்டக் கூண்டின் சுற்றளவு 157 மீட்டர். அதாவது விட்டம் ஏறக்குறைய 50 மீட்டர். அந்நாட்டு விதிகள் ஒரு கூண்டில் அதிக அளவாக 2,00,000 மீன்களையும், ஒரு கன மீட்டர் நீருக்கு 25 கிலோ வரை இருப்பையும் அனுமதிக்கின்றன. கூண்டின் நடைபாதையில் நிற்கும் பண்ணையாளரின் கண்ணுக்குத் தெரிவது மேற்பரப்பில் துள்ளும் சில மீன்கள் மட்டுமே. நீருக்குள் இறக்கிய கேமராவுக்குத் தெரிவது அதன் முன்னால் கடந்துபோகும் ஒரு சிறு பகுதி. கூண்டின் அடியிலிருந்து நாள்தோறும் எடுக்கப்படும் செத்த மீன்களின் கணக்கு துல்லியமானதுதான் என்றாலும், துன்பப்பட வேண்டிய மீன் துன்பப்பட்டு முடிந்த பிறகே அந்தக் கணக்கு கைக்கு வருகிறது. இந்தக் காலதாமதத்தைக் குறைப்பதற்காகவே, சில மீன்களின் உடலில் சிறு உணரிகளைப் பொருத்தி, அவற்றின் மூச்சு, அசைவு, நீந்தும் ஆழம், இதயத் துடிப்பு ஆகியவற்றைத் தொடர்ந்து பதிவு செய்யும் முறை வளர்ந்திருக்கிறது. இவ்வாறு கூட்டத்தின் நிலையைக் காட்டுவதற்காக உணரி சுமக்கும் மீனைக் காவல் மீன் என்று அழைக்கலாம்.

தொடங்கும் முன்பே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நாம் மணிக்கட்டில் கட்டும் கடிகாரத்தை வேண்டாதபோது கழற்றி வைத்துவிடலாம். மீனால் அது முடியாது. உணரியைப் பொருத்துவதற்காக மீனைப் பிடிப்பது, மயக்குவது, அறுப்பது, தைப்பது ஆகிய அனைத்தும் அதன் நலத்தைக் குலைக்கும் செயல்களே. எனவே கருவி தரும் எண்ணில் கூண்டின் நிலை எவ்வளவு, அந்தக் கருவியே உண்டாக்கிய தொல்லை எவ்வளவு என்று பிரித்தறிவதே இந்த வேலையின் பெரும்பகுதி. கீழே வரும் செய்முறை அட்லாண்டிக் சால்மனை முன்வைத்து எழுதப்பட்டுள்ளது. வேறு மீன்களுக்கு வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சுட்டியிருக்கிறேன்.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

கருவி வாங்குவதற்கு முன், அது தரும் விடையைக் கொண்டு பண்ணையில் எந்த முடிவை மாற்றப் போகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட வேண்டும். 'மீன்கள் நலமாக இருக்கின்றனவா' என்ற கேள்விக்கு எந்த உணரியாலும் விடை சொல்ல இயலாது. 'மீனின் தோலில் ஒட்டி வாழும் கடல் பேனை நீக்குவதற்காக வலையைச் சுருக்கி மீன்களை நெருக்கும் நேரத்தை இரண்டு மணியிலிருந்து ஒரு மணியாகக் குறைத்தால், மீன்கள் இயல்பு நிலைக்கு எவ்வளவு முன்னதாகத் திரும்புகின்றன' என்ற கேள்விக்குச் சொல்ல இயலும்.

இந்த எடுத்துக்காட்டை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். நார்வேயில் ஒரு மீனுக்குச் சராசரியாக 0.5 முதிர்ந்த பெண் கடல் பேனுக்கு மேல் இருக்கக் கூடாது. காட்டுச் சால்மனின் இளமீன்கள் ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் வசந்தகால வாரங்களில் அந்த வரம்பு 0.2 ஆகக் குறைகிறது. வரம்பைத் தாண்டாமல் இருக்கப் பண்ணைகள் மீன்களை மீண்டும் மீண்டும் நெருக்கிப் பிடித்து, 28 முதல் 34 டிகிரி வரை சூடாக்கிய நீரில் அரை நிமிட அளவு முக்குவது, நீரைப் பீய்ச்சிப் பேனைக் கழுவுவது, நன்னீரில் விடுவது போன்ற சிகிச்சைகளைச் செய்கின்றன. வளர்ப்புக் காலத்தில் சால்மன் படும் கடுமையான தொல்லைகளில் இவை முன்வரிசையில் நிற்பவை. ட்ரொண்ட்ஹெய்ம் நகரில் பணியாற்றும் மார்ட்டின் ஃபோரேயும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நெருக்குதலின்போதும் பேன் நீக்கத்தின்போதும் சால்மன் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை ஒலி டேக் (மீனின் உடலில் இருந்தபடி அளந்ததை ஒலியாக அனுப்பும் சிறு கருவி) வழியாகப் பின்தொடர்ந்தது. தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரிகிற இத்தகைய பணிகளில்தான் உடலில் பொருத்தும் உணரிகள் தம் விலைக்குரிய பயனைத் தருகின்றன. ஆண்டு முழுவதும் பொதுவாகக் கண்காணிக்கப் போகிறோம் என்று இறங்குபவர்களின் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் கோப்புகளின் குவியலே.

எந்தக் கருவி எதற்கு

இப்போது பயன்பாட்டில் உள்ளவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, செவுள் மூடியின் மேல் மாட்டப்படும் முடுக்கமானி, அதாவது அசைவை அளக்கும் உணரி. ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் ஒன்றின் பகுதியாக ஸ்பெயினில் உருவாக்கப்பட்ட ஏஇ-ஃபிஷ்பிட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2019-இல் விவரிக்கப்பட்ட அதன் முதல் வடிவம் 14 மி.மீ. நீளமும், 7 மி.மீ. அகலமும் உயரமும், 600 மில்லிகிராம் எடையும் கொண்டது. 30 முதல் 35 கிராம் வரையுள்ள சிறு மீனிலிருந்தே பயன்படுத்தலாம் என்று கருதப்படுகிறது. மூன்று அச்சுகளில் இரண்டு உடலின் அசைவைப் பதிகின்றன. மூன்றாவது அச்சு செவுள் மூடி திறந்து மூடுவதைப் பதிந்து மூச்சு வீதத்தைத் தருகிறது. கருவிக்குள்ளேயே கணக்கிட்டுச் சுருக்கிய விடையை மட்டும் சேமிப்பதால், மொத்தம் ஆறு மணி நேர அளவுக்குப் பதிவு கிடைக்கும்; அதைச் சில நிமிடத் துண்டுகளாகப் பிரித்து ஓரிரு நாட்களுக்குப் பரப்பிக்கொள்ளலாம். நில நடுக்கடல் பகுதியில் வளர்க்கப்படும் கில்ட்ஹெட் கடல் பிரீம், ஐரோப்பியக் கடல் பாஸ் ஆகிய இரு மீன்களில் இது சோதிக்கப்பட்டது. வயிற்றை அறுக்க வேண்டியதில்லை என்பது இதன் பெரிய நன்மை. ஆயினும் சிறிய மீன்களில் உணவு எடுப்பது தற்காலிகமாகக் குறைந்ததை அந்த ஆய்வே ஒப்புக்கொள்கிறது. தொட்டியில் வளரும் இளமீன்களை ஒப்பிட இது ஏற்றது. மீனைத் திரும்பப் பிடிக்க முடியாத பெருங்கூண்டுக்கு ஏற்றதன்று.

இரண்டாவது, உடல் குழிக்குள் வைக்கப்படும் பதிவுக் கருவி. ஐஸ்லாந்தின் ஸ்டார்-ஒடி நிறுவனம் செய்யும் இதயத் துடிப்புப் பதிவான்கள் ஆய்வுகளில் அதிகம் பயன்படுகின்றன. இதயத்தின் மின் அலையைப் படித்து, துடிப்பு வீதத்தையும் உடல் வெப்பத்தையும் வாரக்கணக்கில் சேமிக்கும். மீனைத் திரும்பப் பெற்ற பிறகுதான் தரவைப் பார்க்க முடியும் என்பதால், இன்று நடக்கும் சிகிச்சையை நிறுத்த இது உதவாது. அடுத்த சிகிச்சையைத் திருத்த உதவும்.

மூன்றாவது, ஒலி டேக். உப்பு நீரில் வானொலி அலைகள் சில அடிகளுக்குள் அடங்கிவிடுவதால், கடலில் தரவை அனுப்ப ஒலியை விட்டால் வேறு வழி இல்லை. பெரும்பாலான டேக்குகள் 69 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் ஆழம், அசைவு, வெப்பம் போன்ற எண்களைக் குறியீடாக ஒலிக்கின்றன. கூண்டோரம் தொங்கும் ஏற்பி அதைக் கேட்டுப் பதிகிறது. உடனுக்குடன் எண் கிடைக்கும் ஒரே வகை இதுதான். சால்மனுக்கு இந்த ஒலி கேட்காது. கடல்நாய்களின் நிலை வேறு. டேக் ஒலியைக் கொண்டு உணவு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சாம்பல் கடல்நாய்கள் கற்றுக்கொண்டதை 2015-இல் வெளியான சோதனை ஒன்று காட்டியது. வலையைச் சுற்றிக் கடல்நாய்கள் நடமாடும் இடத்தில் பண்ணை வைத்திருப்பவர் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை மீன், எந்த மீன்

டேக்கின் எடை மீனின் எடையில் 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் விதி. அதைத் தாண்டியும் நன்றாக நீந்திய மீன்கள் உண்டு, அதற்குள் இருந்தும் செத்த மீன்கள் உண்டு என்பதால், இதை ஒரு மேல்வரம்பாக மட்டும் கொண்டு, முடிந்த அளவு அதற்குக் கீழே நிற்பது நல்லது. 12 கிராம் எடையுள்ள பதிவானை 600 கிராம் மீனுக்குள் வைத்தால் கணக்குப்படி சரிதான். ஒரு கிலோவைத் தாண்டிய மீனுக்காகக் காத்திருப்பதே அறிவுடைமை.

எடையைவிட மிதப்பு முக்கியம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சால்மன் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கித்தான் தன் காற்றுப்பையை நிரப்பிக்கொள்கிறது. உள்ளே வைத்த டேக் உடலைக் கனமாக்குவதால் அதற்குக் கூடுதல் காற்று வேண்டியிருக்கிறது. மேற்பரப்பில் பேன் மிகுதியாக இருப்பதால், இப்போது சில பண்ணைகள் கூண்டையே ஆழத்தில் அமிழ்த்தி வைக்கின்றன. அவ்வாறு மேற்பரப்புக்கு வர இயலாத மீன்களில் டேக்கின் தீங்கு, திறந்த கூண்டில் இருப்பதைவிட அதிகம் என்று 2019-இல் வெளியான நார்வே ஆய்வு எச்சரித்தது. அமிழ்ந்த கூண்டில் காவல் மீன் வைத்து, அது சோர்வாக இருப்பதைக் கண்டு கூண்டின் மேல் பழிபோட்டால் முடிவே தலைகீழாகிவிடும். தமிழ்நாட்டின் மண்டபம் பகுதியில் கூண்டுகளில் வளர்க்கப்படும் கடல் விராலுக்கு இந்தச் சிக்கல் வேறு வடிவில் வரும். அம்மீனுக்குக் காற்றுப்பையே கிடையாது, எனவே கூடிய எடையை ஈடுகட்ட அது நீந்தும் உழைப்பைத்தான் கூட்டியாக வேண்டும்.

மீனைத் தேர்ந்தெடுக்கும் விதத்திலும் ஒரு பொறி உண்டு. கைவலையை விட்டு மேற்பரப்பில் அள்ளினால், தப்பியோட வலுவில்லாத மெலிந்த மீன்களே முதலில் சிக்கும். மாறாக, அறுவைக்குத் தாங்கும் என்று எண்ணிக் கொழுத்த மீன்களையே பொறுக்கினால், கூண்டின் சிறந்த மீன்களின் கதை மட்டுமே கிடைக்கும். கூண்டின் ஒரு பகுதியை வலையால் சுற்றி வளைத்து, அதற்குள் உள்ளவற்றிலிருந்து வரிசைப்படி எடுத்து, புண்ணோ கண் பழுதோ உள்ளவற்றை மட்டும் ஒதுக்குவதே ஓரளவு நடுநிலையான வழி.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை ஒலி டேக்குகளுக்கு இயற்கையே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஒரே அதிர்வில் இரண்டு டேக்குகள் ஒரே நேரத்தில் ஒலித்தால் இரண்டுமே கெட்டுப்போகும். ஒரு குறியீடு ஒலித்து முடிய 4 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து டேக்குகள் சராசரியாக 90 நொடிக்கு ஒரு முறை ஒலித்தால், ஒரு செய்தி மற்ற ஒன்பதுடனும் மோதாமல் தப்பும் வாய்ப்பு ஏறக்குறைய 43 விழுக்காடு. இருபது டேக்குகளாக்கினால் அது 17 விழுக்காடாகச் சரியும். பத்தே டேக்குகளை வைத்துக்கொண்டு இடைவெளியை 180 நொடியாக நீட்டினால் 66 விழுக்காடு வரை உயரும். ஆகவே மீன்களைக் கூட்டினால் தரவும் கூடும் என்று எண்ண வேண்டாம். வேறு வேறு அதிர்வுகளில் இயங்கும் டேக்குகளைக் கலந்து வாங்குவது இதற்கு ஓரளவு தீர்வாகும்.

இரண்டு லட்சம் மீன்களுக்கு இருபது காவல் மீன்கள் என்றால், பத்தாயிரத்துக்கு ஒன்று. இவ்வளவு குறைந்த மாதிரியைக் கொண்டு 'கூண்டில் இத்தனை விழுக்காடு மீன்கள் துன்பத்தில் உள்ளன' என்று சொல்ல முடியாது. 'இந்தச் செயலின்போது காவல் மீன்கள் அனைத்தும் ஒரே திசையில் மாறின' என்று சொல்லலாம். பண்ணையில் முடிவெடுக்கப் பெரும்பாலும் அதுவே போதும்.

அனுமதியும் அறுவையும்

மீனுக்கு அறுவை செய்வதற்கு அனுமதி வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010/63 என்ற ஆணை ஆய்வுக்குப் பயன்படும் மீன்களையும் காக்கிறது. நார்வேயில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் மனிதரைத் தவிர்த்த எல்லா உயிர்களையும் விலங்கு என்றே வரையறுக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, மயக்க மருந்தின் வகையையும் அளவையும் முடிவு செய்வது மீன் மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரின் பொறுப்பு. கீழே உள்ளவை அவருடன் சேர்ந்து பணியாற்றுபவருக்கான விளக்கங்களே தவிர, அவர் இல்லாமல் செய்து பார்ப்பதற்கானவை அல்ல.

அறுவைக்கு முன்பு ஓரிரு நாட்கள் மீனுக்கு உணவை நிறுத்த வேண்டும்; நிறைந்த குடல் கத்தியின் பாதைக்குள் வந்துவிடும். கோடையின் வெப்பம் மிகுந்த வாரங்களையும், அண்மையில் பேன் நீக்கம் நடந்த நாட்களையும் தவிர்க்க வேண்டும். ட்ரைகெய்ன் என்ற மயக்க மருந்தைப் பயன்படுத்தினால் அது நீரை அமிலமாக்கும் என்பதால், குறிப்பாக நன்னீரில், சமையல் சோடாவைச் சேர்த்துச் சமன் செய்ய வேண்டும். மயக்கத் தொட்டியில் மீன் முதலில் சமநிலை இழந்து புரளும். பின்னர் வால் அடியைக் கிள்ளினாலும் அசையாத நிலை வரும். செவுள் மட்டும் மெதுவாக, ஆனால் ஒழுங்காக அசைந்துகொண்டிருக்கும். அதுவே அறுவைக்குரிய நிலை. செவுள் நின்றுவிட்டால் மயக்கம் மிஞ்சிவிட்டது என்று பொருள். உடனே தூய நீருக்கு மாற்ற வேண்டும்.

மீனை ஈரமான நுரைப்பஞ்சால் ஆன 'வி' வடிவப் பள்ளத்தில் வயிறு மேலே இருக்கும்படி கிடத்தி, சிறு குழாய் வழியாக, மயக்க மருந்து குறைவாகக் கலந்த நீரைச் செவுளின் மேல் ஓடவிட வேண்டும். உலர்ந்த கையோ உலர்ந்த துணியோ மீனின் தோலில் படவே கூடாது. மேலுள்ள சளிப் படலம் உரிந்த இடத்தில்தான் பின்னர் பூஞ்சையும் கிருமியும் குடியேறும். இடுப்புத் துடுப்புக்கு முன்னால், வயிற்றின் நடுக்கோட்டில், டேக் நுழையும் அளவுக்கு மட்டும் வெட்ட வேண்டும். தோலையும் தசையையும் இடுக்கியால் சற்று உயர்த்திப் பிடித்து வெட்டினால் குடல் தப்பும். ஒலி டேக்கை உள்ளே தள்ளிவிட்டால் போதும். இதயப் பதிவானுக்கு அவ்வளவு எளிதில் வேலை முடியாது: அதை முன்னோக்கி நகர்த்தி, இதய உறைக்கு அருகில், மின்முனைகள் வயிற்றுச் சுவரைத் தொடும்படி வைத்து, நகராதவாறு உடற்சுவருடன் ஒரு தையலால் கட்ட வேண்டும். சில மில்லிமீட்டர் விலகினாலும் இதய அலைக்குப் பதில் நீச்சல் தசையின் இரைச்சலே பதிவாகும்.

காயத்தைத் தனித்தனி முடிச்சுகளாக இரண்டு முதல் நான்கு தையல்களால் மூடலாம். தானே கரையும் நூல் என்று விற்கப்படுவது குளிர்ந்த கடல் நீரில் பல வாரங்கள் கரையாமலே இருந்து, அசையும்போதெல்லாம் காயத்தை அரிக்கும். எனவே வழவழப்பான ஒற்றை இழை நூலைத் தேர்ந்து, முனைகளைக் குட்டையாக வெட்ட வேண்டும். டேக்குகளைக் கொதிநீரிலோ நீராவியிலோ கிருமி நீக்கம் செய்தால் மின்கலம் கெடும். கிருமிநாசினிக் கரைசலில் ஊறவைத்து, கிருமி நீக்கிய உப்புக் கரைசலில் அலச வேண்டும். மருந்தின் மிச்சம் உடற்குழிக்குள் போனால் அழற்சி வரும் என்பதால் இந்த அலசலை அவசரத்தில் விட்டுவிடக் கூடாது. மொத்த அறுவையும் ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். முடியவில்லையென்றால், செத்த மீன்களில் இன்னும் சில நாள் பழகிய பிறகு வருவதே மீனுக்கும் நமக்கும் நல்லது.

கடைசியாக, மீனின் வெளியே கண்ணில் படும் அடையாளம் ஒன்றை வைக்க வேண்டும். முதுகுத் துடுப்பின் அடியில் வண்ண நூல் டேக்கும், தசைக்குள் மின்னணு அடையாளச் சில்லும் சேர்ந்திருந்தால் நல்லது. மருந்து தங்கிய, லித்தியம் மின்கலம் சுமந்த மீன் அறவே உணவுச் சந்தைக்குப் போகக் கூடாது. ஒரு லட்சம் மீன்களுக்கிடையே பதிவானைத் தேடும் நாளிலும் இந்த அடையாளமே துணை. இதயப் பதிவான் வைத்த மீன்களைப் பெருங்கூண்டில் விட்டுத் தொலைத்தவர்கள் உண்டு. அவற்றை அருகிலேயே ஒரு சிறு கூண்டில், காவல் மீன் அல்லாத துணை மீன்களோடு வைத்திருப்பது பாதுகாப்பானது.

ஆறும் காலம்

அறுவைக்குப் பின் முதல் சில நாட்களில் பதிவாகும் இதயத் துடிப்பு, கூண்டைப் பற்றி எதையும் சொல்வதில்லை. வானவில் டிரவுட் மீன்களில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதயப் பதிவான்களைக் கொண்டு பண்ணைப் பணிகளை ஆராய்ந்தபோதும், மயக்கத்திலிருந்தும் அறுவையிலிருந்தும் மீள்வதற்கு நாட்கணக்கில் ஆனது. ஆகவே எத்தனை நாள் காத்திருப்பது என்பதை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்வதைவிடத் தரவைப் பார்த்தே முடிவு செய்யலாம். நலமான மீனின் துடிப்பு பகலில் ஏறி இரவில் இறங்கும். அறுவைக்குப் பின் இந்த ஏற்ற இறக்கம் மழுங்கிப்போயிருக்கும். ஒவ்வோர் இரவின் மிகக் குறைந்த துடிப்பையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். அது நாள்தோறும் இறங்கிக்கொண்டே வந்து ஒரு மட்டத்தில் நின்று, பகல் இரவு வேறுபாடும் திரும்பியிருந்தால், மீன் தேறிவிட்டது எனலாம். அதன் பிறகு குறைந்தது ஒரு வாரம் எந்தப் பணியும் இல்லாத நாட்களைப் பதிய வேண்டும். அதுவே அந்த மீனின் அடிநிலை. அவசரப்பட்டு இதைச் சுருக்குபவர்கள் பின்னர் எதனோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் திகைப்பார்கள்.

அதே நாட்களில் நீரையும் அளக்க வேண்டும். குறைந்தது இரண்டு ஆழங்களில், எடுத்துக்காட்டாக 5 மீட்டரிலும் 15 மீட்டரிலும், வெப்பமும் கரைந்த ஆக்சிஜனும் தொடர்ந்து பதிவாக வேண்டும். உணவு தொடங்கிய நேரம், படகு வந்த நேரம், வலை இழுக்கத் தொடங்கிய நிமிடம், கடைசி மீன் சிகிச்சைக் கப்பலின் குழாய்க்குள் போன நிமிடம் எல்லாம் ஒரு குறிப்பேட்டில் இருக்க வேண்டும். கருவிகளின் கடிகாரங்கள் மெல்ல விலகும். பதிவான், ஏற்பி, நீர் உணரி, கைபேசி ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் ஒத்திசைத்து, எடுக்கும்போது எத்தனை நொடி விலகியிருக்கின்றன என்பதையும் எழுதிவிடுங்கள். இது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் பத்து நிமிடம் தவறிய கடிகாரம், நெருக்குதலுக்கு முன்பே மீன் பதறியதாகக் காட்டிவிடும்.

எண்ணைப் படிப்பது

துடிப்பு கூடினால் துன்பம், குறைந்தால் நலம் என்று படிப்பது பெருந்தவறு. மீன் குளிர் இரத்த உயிர். நீரின் வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் துடிப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். நன்றாகச் சாப்பிட்ட மீனுக்கும் செரிமானத்தின் காரணமாக மணிக்கணக்கில் துடிப்பு உயர்ந்தே இருக்கும். மறுபுறம், நீரில் ஆக்சிஜன் கடுமையாகக் குறையும்போது பல மீன்களின் இதயம் மெதுவாகிவிடும். அதாவது மிக ஆபத்தான நேரத்தில் திரையில் அமைதியான எண் தெரியலாம். அசைவும் அப்படித்தான்: உணவைக் கண்ட உற்சாகமும் வலையைக் கண்ட பதற்றமும் முடுக்கமானிக்கு ஒன்றே. ஆகவே எந்த எண்ணையும் தனியே படிக்காமல், நீரின் நிலையோடும் குறிப்பேட்டோடும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மீன்களின் எண்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதற்கு முன், ஒவ்வொரு மீனையும் அதனோடேயே ஒப்பிடுங்கள். ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: 10 டிகிரி நீரில் ஒரு மீன் மாலை ஆறு மணிக்கு வழக்கமாக நிமிடத்துக்கு 38 முறையும், மற்றொன்று 50 முறையும் துடிக்கின்றன. நெருக்குதல் நடந்த மாலையில் முதலாவது 57, இரண்டாவது 60. இரண்டாவதன் எண் பெரியது. ஆனால் முதலாவது தன் இயல்பிலிருந்து பாதி அளவு உயர்ந்திருக்கிறது, இரண்டாவது ஐந்தில் ஒரு பங்குதான். நமக்கு வேண்டியது இந்த விலகல். அதைவிட முக்கியம், விலகல் மறைய எத்தனை மணி நேரம் ஆகிறது என்பது. கையாளும்போது எந்த மீனின் இதயமும் விரைந்து துடிக்கும். மறுநாள் இரவிலும் அது இறங்காமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

தரவின் தரத்தைச் சோதிக்கும்போது ஒரு நுட்பமான தவறு நேர்கிறது. இதயப் பதிவான்கள் ஒவ்வோர் அளவீட்டுக்கும் தரக் குறியீடு ஒன்றைத் தரும். தரம் தாழ்ந்தவற்றை நீக்குவது வழக்கம். ஆனால் மீன் திமிறும் வேளையில்தான் தசையின் இரைச்சல் மிகுந்து தரம் தாழ்கிறது. நீக்கிய பிறகு எஞ்சுவது அமைதியான கணங்களின் தொகுப்பு. ஒலி டேக்கிலும் இதே நிலை: பம்புகளும் படகின் இயந்திரமும் காற்றுக் குமிழிகளும் சேர்ந்து, சிகிச்சை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் செய்திகளை விழுங்கிவிடும். எனவே எத்தனை அளவீடுகள் வந்திருக்க வேண்டும், எத்தனை வந்தன, எத்தனை நீக்கப்பட்டன என்பதை மணிவாரியாக வரைபடத்தின் அடியிலேயே காட்ட வேண்டும். செய்தி வராத மணியை அமைதியான மணி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆழம் மாறாமல் வலையின் அடிமட்டத்திலேயே நிற்கும் டேக், மீன் செத்துவிட்டது அல்லது டேக் காயத்தின் வழியே வெளியே விழுந்துவிட்டது என்பதைச் சொல்கிறது. அன்றே அடியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

உடனடித் தரவு கையில் இருந்தால், அதைக் கொண்டு என்ன செய்வது என்பதைச் சிகிச்சைக்கு முன்பே எழுதி, படகின் பொறுப்பாளரிடம் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். காவல் மீன்களில் பாதிக்கு மேல் தங்கள் இயல்பு அசைவின் இவ்வளவு மடங்கைத் தாண்டி, அதே நேரத்தில் ஆக்சிஜனும் இவ்வளவுக்குக் கீழே போனால் வலையைத் தளர்த்துவது என்பது போல அது தெளிவாக இருக்க வேண்டும். கூலிக்கு வந்த சிகிச்சைக் கப்பல் காத்திருக்கும்போது, திரையைப் பார்த்துக்கொண்டு விவாதிக்க யாருக்கும் நேரம் இருக்காது. மேற்பரப்பைக் கண்ணால் பார்ப்பதும் கைவிடத்தக்கதன்று. வெள்ளை வயிறு தெரிகிறதா, முதுகுத் துடுப்புகள் நீருக்கு மேலே நிற்கின்றனவா, மீன்கள் குழாயை எதிர்த்து நீந்துகின்றனவா என்பவை, நார்வேயில் 2018-இல் வந்த சால்மன் நலக் கையேட்டிலும் இடம்பெறும் வகையான நேரடிக் குறிகள். உணரி சொல்வதும் கண் சொல்வதும் முரண்பட்டால் கண்ணை நம்பி வேலையை நிறுத்திவிட்டு, உணரியைப் பிறகு ஆராயலாம்.

முடிவில் செய்ய வேண்டியவை

தொடக்கத்திலேயே மூன்று குழுக்களைப் பிரித்து வைத்திருப்பது இங்கே உதவும்: டேக் வைத்தவை, மயக்கி அறுத்துத் தைத்தும் டேக் வைக்காதவை, எதுவும் செய்யாதவை. மூன்றையும் எடை போட்டு, நீளம் அளந்து, கிராம் எடையை 100-ஆல் பெருக்கிச் சென்டிமீட்டர் நீளத்தின் மும்மடியால் வகுத்தால் உடல்வாகுக் குறியீடு கிடைக்கும். டேக் வைத்தவை மட்டும் மெலிந்திருந்தால், அவை காட்டிய சோர்வைக் கூண்டின் கணக்கில் எழுத முடியாது.

வெப்பக் கடல்களில் இந்தச் சோதனையை இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும். 28, 30 டிகிரி நீரில் கடல் விராலுக்கும் கொடுவாவுக்கும் காயம் விரைந்து ஆறும். அதே வேகத்தில் கிருமியும் பெருகும், வெளியே தொங்கும் டேக்கில் பாசியும் சிப்பியும் ஒட்டி எடையைக் கூட்டும்.

காவல் மீன்களைத் திரும்பப் பிடித்ததும் வலியின்றி அதிர்ச்சியூட்டிக் கொன்று, உடலைத் திறந்து பார்க்க வேண்டும். தையல் இடம் சிவந்திருக்கிறதா, டேக்கைச் சுற்றி உறை வளர்ந்திருக்கிறதா, குடலோ ஈரலோ அதனோடு ஒட்டிப்போயிருக்கின்றனவா, இதயப் பதிவான் வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்பவற்றை மீனின் அடையாள எண்ணோடு எழுதிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தாள்கள் நிரம்பிய பிறகுதான் பதிவான்களின் கோப்புகளைத் திறப்பது நல்லது. வரைபடத்தை முதலில் பார்த்துவிட்டால், அதில் அழகாகத் தெரிந்த மீனின் சீழ்ப் புண்ணைச் சிறியது என்று எழுதக் கை துணிந்துவிடும்.